மணல்மேட்டைக் காக்க முதலில் நடைவழியைப் பேசுங்கள்: பழவேற்காட்டுக் கரை ஊர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மணல்மேட்டைப் பற்றி ஊரில் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் செடியில்தான் தொடங்குகிறார்கள். கன்றுகளை வண்டியில் ஏற்றி வந்து, பேனர் கட்டி, பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து நட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரமே படகு இழுக்கும் டிராக்டர் அதன்மேல் ஏறுகிறது, ஆடு மேய்கிறது. பொங்கலுக்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. செடி நடுவது இந்த வேலையில் நாலாவதோ ஐந்தாவதோ வரவேண்டியது. ஆட்கள் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறார்கள், படகு எங்கே ஏறுகிறது, வலையும் கருவாடும் எங்கே காய்கின்றன என்று ஊரோடு உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் முதல் வேலை. அது ஒழுங்காக நடந்துவிட்டால் பல இடங்களில், மணலில் படரும் அடப்பங்கொடி யாரும் நடாமலே ஏறிக்கொள்ளும்.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் பட்டையையும், அதற்கு வடக்கே ஆந்திர எல்லை தாண்டிய கரையையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது. தடா, சூளூர்பேட்டைப் பக்கம் 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். நெல்லூர்க் கரையில் வீட்டில் தமிழ் பேசும் பட்டப்பு மீனவர்கள் உண்டு. அவர்களிடம் பேச்சுக்குத் தமிழ் போதும். ஆனால் பிள்ளைகள் படிப்பது தெலுங்கில், அதனால் அறிவிப்புப் பலகை தெலுங்கிலும் இருக்கட்டும்.

பேசப் போகும் முன்

மேடு எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ஊரில் கேட்கிற முதல் குறுக்குக் கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

காற்று மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம் எடுத்தால் காய்ந்த மணல் நகரத் தொடங்கும். தூசி மாதிரி உயரே பறக்காது. தத்தித் தத்தி, தரையை ஒட்டியே போகும். வழியில் ஒரு கொடியோ கட்டையோ குறுக்கிட்டால் காற்று தளர்ந்து மணல் அங்கேயே விழும். மற்ற பல செடிகள் மணலில் புதைந்தால் செத்துவிடும். அடப்பங்கொடியும் ராவணன் மீசை என்ற முள்புல்லும் புதையப் புதைய மேலே வந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். மேடு உயர்வது இப்படித்தான்.

புயல் நாளில் கடல் மேட்டின் அடியை அரித்து மணலை உள்ளே இழுத்துப் போகிறது. அந்த மணல் கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகப் படிகிறது, பின்னால் வரும் அலை அங்கேயே உடைந்து வேகம் இழக்கிறது. கடல் அமைதியான பிறகு அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறும், காற்று அதை மீண்டும் மேட்டில் சேர்க்கும். சீட்டு எடுத்த ஆள் மாதிரி, கடல் ஒரே நாளில் மொத்தமாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் தவணை கட்டுகிறது. நடுவில் யாராவது வீட்டு அடித்தளம் நிரப்ப டிராக்டரில் அள்ளிப் போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

மூன்றாவது விஷயம் தண்ணீர். பெய்த மழை மேட்டுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. ஒடுங்கிய மணல் பட்டையில் அவ்வளவு ஆழம் கிடைக்காது. ஆனாலும் மேலே கொஞ்சம் குறைந்தால் கீழே பல மடங்கு குறையும் என்பது இங்கேயும் உண்மை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

யாரிடம் முதலில் பேசுவது

ஊர் நிர்வாகிகளிடம். அவர்கள் தலையசைக்காமல் குப்பத்தில் ஒரு கழி கூட நட முடியாது, நடவும் கூடாது. அதற்கு அடுத்தபடியாகப் பெண்களைத் தனியாகப் பாருங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். கருவாடு காயவைக்கும் இடத்துக்கோ மகளிர் குழு கூடும் நாளுக்கோ போனால் பேச்சு தானாக வரும். மணல் எந்த மாதம் எந்தத் தெருவில் ஏறுகிறது, எந்த ஊற்று எப்போது உப்பாகிறது என்ற கணக்கெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் கூட்டத்தில் சட்டம் பேசாதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (கரையோரத்தில் எதைச் செய்யலாம், கூடாது என்று சொல்லும் விதிகள்) என்ற சொல் காதில் விழுந்தாலே, நம்மை இங்கிருந்து காலிசெய்யத்தான் ஏதோ வருகிறது என்று ஊர் நினைக்கும். அந்தப் பயத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. சட்டத்துக்குப் பிறகு வருவோம்.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வியில் தொடங்குங்கள்: 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது? 2016 வர்தா புயலில்? 2023 மிக்ஜாம் புயலில்? கூட்டத்தை எழுப்பி, பெரியவர்களை முன்னால் விட்டு, அந்த இடங்களுக்கே நடந்து போங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கழியை ஊன்றுங்கள். மேடு உடைந்த இடத்துக்கு நேரே கழி ஊருக்குள் போயிருக்கிறதா, மேடு நின்ற இடத்தில் வெளியிலேயே நிற்கிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஓடை வழியாகவோ ஏரிப் பக்கமிருந்தோ தண்ணீர் வந்திருந்தால் அதையும் அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். மேடு எல்லாவற்றையும் தடுக்கும் என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த புயலுக்கு உங்கள் பேச்சு நிற்காது.

வரப்போகும் இரண்டு எதிர்ப்புகள்

முதலாவது பெண்களிடமிருந்து வரும். "இன்னா சார், சோத்துல மணலு வுழுதுன்னு நாங்க சொல்றோம். நீங்க மேட்ட வளக்கணும்ன்றீங்களே!"

இதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். சாயங்காலக் கடற்காற்று வலுத்திருக்கும்போது இரண்டு பழைய புடவைத் துண்டுகளை நனைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் செடி போன மொட்டை மேட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்குக் கீழே, இரண்டு பேர் இழுத்துப் பிடிக்கட்டும். இன்னொன்றை ராவணன் மீசை அடர்ந்த மேட்டுக்குப் பின்னால் அதே மாதிரி பிடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் முதல் துணி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும், இரண்டாவது ஏறக்குறைய ஈரத்துணியாகவே இருக்கும். வீட்டுக்குள் வருவது செடி மூடிய மேட்டின் மணல் இல்லை, மொட்டையான மேட்டின் மணல். இதைத் துணியே சொல்லிவிடும்.

அதோடு இன்னொன்றும் செய்துகாட்டலாம். மேட்டுக்குப் பின்னால், பள்ளமான இடத்தில், கையால் மணலைத் தோண்டுங்கள். தண்ணீர் ஊறியதும் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மேடு கரைந்துபோன இடத்தில் அதே மாதிரி தோண்டிச் சுவைக்கட்டும். முடிந்ததும் குழிகளை மூடிவிடுங்கள். ராத்திரியில் ஆமையும் வரும், ஆளும் வருவார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு ஆண்களிடமிருந்து வரும்: "துறைமுகம் கட்டினவனைக் கேக்க மாட்டீங்க, எங்களைத்தான் கேப்பீங்களா?" இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மழுப்பாதீர்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக்காலத்தில் கொஞ்ச நாள் திசை திரும்பும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் அரிப்பு தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது, அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி வந்தது. இவையெல்லாம் பழவேற்காட்டுக்குத் தெற்கே இருப்பவை. கடலுக்குள் நீளும் சுவரில் மணல் தங்கினால் வடக்கே இருப்பவர்களுக்கு வரவேண்டியது குறையும். அதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த விவகாரம் முடியும்வரை கையிலிருக்கும் மணலையும் விட்டுவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. புது மணல் வரத்து குறைந்த ஊருக்கு இருக்கும் மேடு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்த வரிசையில் பேசினால் கேட்பார்கள்.

நடைவழி

இதுதான் முழு வேலையின் நடுத்தண்டு, அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொரு தெருவிலிருந்தும் மேட்டின் மேல் ஒரு ஒற்றையடிப் பாதை கடலுக்கு நேரே போகும். தினம் காலடி படும் இடத்தில் கொடி சாகும், மணல் தளரும், காற்று அந்த ஓட்டைக்குள் புகுந்து வேகமெடுக்கும். முதல் வருடம் பாதை, பிறகு பள்ளம், அதற்குப் பிறகு புயலில் அலை உள்ளே வரும் வாசல். படகு இழுக்கும் டிராக்டருக்கு வருடமெல்லாம் தேவையில்லை, சில வாரத்திலேயே இந்த வேலையைச் செய்துவிடும்.

இருக்கும் பாதைகளை ஊர் ஆட்களோடு நடந்து ஒரு தாளில் வரையுங்கள். எவை கட்டாயம் வேண்டும் என்று அவர்களே குறிக்கட்டும். வயதானவர்களும் மீன்கூடை சுமப்பவர்களும் சுற்றி நடக்கும்படியான எந்த முடிவும் நிலைக்காது. ஆகவே வீடுகளுக்கு அருகில் இருக்கும் பாதையையே வைத்துக்கொண்டு, தேவை குறைந்தவற்றை மூடுங்கள். டிராக்டருக்குத் தனியாக ஒரே ஒரு வழி, மேடு ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கும் இடத்தில் இருந்தால் போதும்.

வைத்துக்கொள்ளும் பாதை கடலைப் பார்த்து நேராகப் போகக்கூடாது. சாய்வாக ஏறி, நடுவில் ஒரு திருப்பம் இருக்க வேண்டும். கோடையில் தென்கிழக்கிலிருந்தும் மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்தும் காற்று வருவதால் வாயை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு பருவத்தில் காற்று நுழையும். திருப்பம் இருந்தால் உள்ளே போய் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் சவுக்குக் கழி ஊன்றிக் கயிறு கட்டினால் போதும். பாதையின் மேல் பழைய தென்னங்கீற்றுகளைக் குறுக்கே பரப்பினால் கால் புதையாது. கால் புதையாவிட்டால் ஆட்கள் தாமாகவே அந்த வழியில்தான் வருவார்கள். கிழிந்த வலையை மட்டும் வேலியாகக் கட்டாதீர்கள். ஆமையும் நண்டும் அதில் சிக்கும்.

முடிவை எழுத்தில் கொண்டுவர கிராமசபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஆகஸ்டில் பாதையை முடிவு செய்து, அக்டோபர் 2இல் தீர்மானமாகப் போட்டால் நடும் பருவத்துக்குச் சரியாக இருக்கும்.

மூடிய பாதையில் ஓலைத்தட்டி

மூடிய பாதையில் வெறும் பலகை வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். அங்கே தட்டி கட்டுங்கள். பனை ஓலையோ தென்னங்கீற்றோ எதுவும் சரி. இடுப்புக்குக் கீழான உயரம் போதும். முக்கியமானது இடைவெளி: பாதிக்குப் பாதி காற்று உள்ளே புகவேண்டும். அடைத்துக் கட்டிய தட்டியில் காற்று மோதிச் சுழன்று அடியையே தோண்டிவிடும். கீற்றை நெருக்கமாகப் பின்னிப் பழகிய கைகளுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், "இது இன்னா வேலி, கோழிகூட பூந்துடும்" என்பார்கள். புகுந்தால் புகட்டும்.

தட்டியைக் காற்றுக்குக் குறுக்கே, துண்டு துண்டாக, நடுவில் ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மேட்டின் கடல்பக்கச் சரிவில் வேண்டாம். பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல்வரை முட்டையிட ஏறுவது அந்தச் சரிவில்தான். மணல் தட்டியின் தலை வரை சேர்ந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்று கட்டலாம். ஓலை மக்கிப் போனால் கவலையில்லை, அதற்குள் கொடி ஏறியிருக்க வேண்டும்.

இப்போது செடி

வடகிழக்குப் பருவமழையின் முதல் மழை இறங்கி, மணல் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு நடுங்கள். பெரும்பாலும் அக்டோபர் கடைசி. புயல் எச்சரிக்கை இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

அடப்பங்கொடியை விலைக்கு வாங்கத் தேவையில்லை. அடர்ந்து கிடக்கும் இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, முழங்கை நீளத் துண்டுகளாக, நாலைந்து கணு இருக்கும்படி வெட்டுங்கள். ஒரே இடத்தில் மொத்தமாக வழித்தால் அங்கே புதுப் பள்ளம் விழும். இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணு மணலுக்குள் போகும்படி சாய்வாகப் புதைத்து, நுனியை வெளியே விடுங்கள். துண்டுக்குத் துண்டு முழங்கை தூரம். கடைசியாக அலை கொண்டுவந்து போட்ட குப்பைக் கோட்டிலிருந்து சில அடி மேலே தொடங்கினால் போதும், அதற்குக் கீழே நட்டால் அடுத்த பௌர்ணமிக்குப் போய்விடும். எரு, செம்மண் எதுவும் போடாதீர்கள். அவற்றோடு களைதான் வந்து சேரும்.

விதையிலிருந்து வளர்ப்பதானால், தோல் கல் மாதிரி கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது.

ராவணன் மீசையைக் கையாளத் தடித்த கையுறை வேண்டும். இலைநுனி ஊசி மாதிரி குத்தும், குனியும்போது கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேர்விட்ட ஓடுதண்டைக் கணுவோடு பிரித்து நட வேண்டும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் காய்க்கொத்து முள்பந்தாக உதிர்ந்து, காற்றில் கரை நெடுக உருண்டு ஓடும். பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்துகளைப் பொறுக்கி, மூடிய பாதைகளில் லேசாகப் புதைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

மேட்டின் ஊர்ப் பக்கச் சரிவிலும் அதற்குப் பின்னாலும் தாழை, நொச்சி, புன்னை, பூவரசு, பனை எல்லாம் வரலாம். சவுக்கு பற்றிக் கேட்பார்கள். பொன்னேரி வட்டாரத்தில் சவுக்கு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஆனால் அதன் இடம் மேட்டுக்குப் பின்னால். சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் அலை தொடும் தூரத்தில் வரிசை வரிசையாக நட்டார்கள். நிழலும் உதிர்ந்த சருகும் அடர்ந்த இடத்தில் கொடி வளராது, மரத்தின் அடி அரித்தால் வேரோடு சாயும், ஆமைக்கும் முட்டையிட இடம் போய்விடும். முன்வரிசையை மேலும் நீட்டாதிருந்தாலே போதும்.

முதல் பருவம் முழுக்க ஆட்டைத் தள்ளி மேய்க்கச் சொல்ல வேண்டும். இதை வெளியாள் சொல்லி நடக்காது, ஊர் நிர்வாகிகளே சொல்லட்டும்.

சுத்தம், விளக்கு, அளவு

கடற்கரைச் சுத்தம் என்று வருகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக், கண்ணாடி, வலைத்துண்டு ஆகியவற்றைக் கையால் பொறுக்குங்கள். கரை ஒதுங்கிய பாசியையும் சருகையும் விட்டுவிடுங்கள். மணல் முதலில் பிடிப்பது அவற்றில்தான். வாரியும் இயந்திரமும் வேண்டாம்.

ஆமை முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நகரும் என்பதால் கடலைப் பார்த்த தெருவிளக்குக்கு அந்த மாதங்களில் ஒரு தகர மறைப்பு போடச் சொல்லுங்கள்.

மேடு வளர்கிறதா என்று பார்க்க, அளவுக்கோடு போட்ட மூங்கில் கழியை மேட்டில் ஆழமாக ஊன்றிவையுங்கள். மாதம் ஒருமுறை, பௌர்ணமி அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, மணல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு பெண்ணோ மாணவரோ குறித்துவைக்கட்டும். அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ. ஆறு மாதம் கழித்து ஊர்க்கூட்டத்தில் அந்த நோட்டைத் திறந்தால் உங்களுக்குப் பேசும் வேலையே குறைந்துவிடும்.

மணல் அள்ளுகிறவர்களும் சட்டமும்

சொந்த ஊர்க்காரர் வீட்டு வேலைக்கு அள்ளுகிறார் என்றால் முதலில் மேஸ்திரியைப் பிடியுங்கள். உப்பு மணலில் கட்டிய கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கும், பூச்சு பிளந்து விழும். மேஸ்திரி சொன்னால் வீட்டுக்காரர் கேட்பார், நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்.

லாரியும் ஜேசிபியும் வந்தால் அது வேறு விவகாரம், அப்போதுதான் சட்டம் உதவும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, பிறகு 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. மணல்மேடுகள் அதில் மிகக் கண்டிப்பான பாதுகாப்புள்ள முதல் வகை, 1-ஏ. அழகுபடுத்தவோ பொழுதுபோக்குக்காகவோ மேட்டை வெட்டுவது, சமன்செய்வது, உருமாற்றுவது தடை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு மாவட்டக் குழு உண்டு; மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பிரதிநிதிகள் அதில் இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புகாரோடு தேதி போட்ட போட்டோ, வண்டி எண், கிராமசபைத் தீர்மானத்தின் நகல் மூன்றும் இருந்தால் மனு மேசையிலேயே தூங்காது.

புயலுக்கு மறுநாள்

மேட்டின் கடல்பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், உடனே ஜேசிபி வைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். அது தானாகச் சரிந்து, ஒரு சில மாதத்தில் அடியில் மணல் சேரத் தொடங்கும். பிள்ளைகள் மட்டும் அதன் அடியில் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சரிந்தால் ஆளை மூடிவிடும். அறுந்து தொங்கும் கொடிகளை வெட்டி எறியாமல் சரிவில் படுக்கவைத்து மணல் மூடினால் பாதியாவது பிழைக்கும். தெருவிலும் வீட்டு வாசலிலும் ஏறிக் கிடக்கும் மணலை யாரும் விலைபேசுவதற்கு முன்னால், பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, மேட்டின் ஊர்ப் பக்க அடிவாரத்தில், தட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.